ரோஸ் நிற மாத்திரை

அத்தியாயம் 14

பதினோரு நாளாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரை ஒரே பெஞ்சில் உட்கார வைக்க ஓர் ஆஸ்பத்திரி தேவைப்பட்டது.

பெஞ்சின் இந்த முனையில் பெரியவள். அந்த முனையில் அவளுடைய ஓரகத்தி, சின்னவள். நடுவில் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். அந்த இடத்தில் இப்போது ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. பைக்குள் சின்னவளின் கணவனுடைய சட்டை, பெல்ட், கைக்கடிகாரம். சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம்.

காலை எட்டு மணிக்கு அச்சகத்து ஸ்டோர் ரூமில் காகிதக் கட்டு ஒன்றைத் தூக்கப் போனவன், அப்படியே குனிந்து வாந்தி எடுத்தான். பார்த்தவர்கள் சிவப்பு மை கொட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

இந்த இரண்டு பெண்களின் சண்டை தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இடையில் விட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் பெரியவளின் கொழுந்தனுக்கு, அதாவது சின்னவளின் கணவனுக்கு, இதய வால்வு மாற்றினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசு முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். "அண்ணி, ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று அவன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். பெரியவளும் தலையாட்டினாள்.

ஆனால் அவள் தொழிலாளர் சங்கத்து நலக்குழுவின் செயலாளர் ஆயிற்றே. சனிக்கிழமை மதிய இடைவேளையில் நாற்காலி மேல் ஏறி நின்று பிரஷர், சர்க்கரை என்று பாடம் நடத்துகிறவள். அச்சகத்தில் அவளுக்குப் பெயரே 'டீச்சர்'. ஒரு சனிக்கிழமை, பேச்சு வேகத்தில், "வேற யாரும் வேண்டாம், என் கொழுந்தனையே எடுத்துக்கோங்க" என்று ஆரம்பித்துவிட்டாள். நல்ல எண்ணம்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

திங்கட்கிழமை நிர்வாகம் அவனை அச்சு மெஷினிலிருந்து ஸ்டோருக்கு மாற்றியது. இதயத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்களாம். மெஷின் பக்கத்தில் நின்று பொத்தான் அமுக்கிக்கொண்டிருந்தவன் கட்டுத் தூக்க ஆரம்பித்தான். அன்றைக்கு நின்றதுதான் இரண்டு பெண்களுக்கும் இடையிலான பேச்சு.

"யாரு அவரோட வீட்டுக்காரங்க?"

டாக்டர் சின்ன வயசுப் பெண். முடி கலைந்திருந்தது. கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"நான்தான்" என்று சின்னவள் எழுந்தாள். பெரியவளும் கூடவே எழுந்தாள்.

"வால்வு மாத்திரை தவிர வேற என்ன சாப்பிட்டார்?"

"ஒண்ணுமில்லைங்க. அதையும் நானே எண்ணி எடுத்துக் குடுக்கறேன்."

"அது மட்டும்னா இவ்வளவு ஆகாதும்மா. வேற ஏதோ கூடச் சேர்ந்திருக்கு. வலிக்கு, ஜுரத்துக்கு, ஏதாவது?"

"இல்லவே இல்லைங்க."

டாக்டர் பெருமூச்சு விட்டாள். "நல்லாக் கேளுங்க. வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருக்கு. நிறுத்தணும்னா ரத்தம் உறையறதுக்கு மருந்து குடுக்கணும். அதை ஒரேயடியாக் குடுத்தா வால்வுல போய் ரத்தம் கட்டிக்கும். குடுக்காம விட்டா ரத்தம் நிக்காது. ரெண்டு பக்கமும் ஆபத்து. உள்ள என்ன போயிருக்குன்னு தெரிஞ்சா எந்த மருந்து, எவ்வளவுன்னு நான் கணக்குப் போடலாம். இப்ப கண்ணக் கட்டிக்கிட்டு நிக்கறேன். அவரு பேசற நிலையில இல்ல. நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

"எவ்வளவு நேரம் இருக்கு?" என்றாள் பெரியவள்.

"நேரம் இருக்குன்னு நான் சொல்லமாட்டேன்."

சின்னவள் பையைக் கவிழ்த்தாள். சட்டைப் பையில் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். மை துடைக்கிற துணித் துண்டு. ஸ்டோர் சாவி. வீட்டுக்கு வாங்கி வர வேண்டிய சாமான்களின் பட்டியல், அவள் கையெழுத்தில். கடைசியாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சதுரம்.

மாத்திரை அட்டையிலிருந்து தனியாக வெட்டியெடுத்த ஒற்றை மாத்திரை. முன்பக்கம் ரோஸ் நிறம். வெள்ளி முதுகில் இரண்டரை எழுத்து. பெயரின் மிச்சம் வேறு எந்தத் துண்டோடு போயிற்றோ.

"இது என்னது? இது எங்க வீட்டு மாத்திரை இல்லையே!" என்று சின்னவள் பதறினாள்.

பெரியவள் சதுரத்தைக் கையில் வாங்கினாள். சதுரத்தின் நாலு மூலையும் கத்தரிக்கோலால் மழுக்கப்பட்டிருந்தது. பையில் போட்டால் விரலைக் குத்தக் கூடாது என்று அப்படி மழுக்குகிற ஒரே ஆள் உலகத்தில் அவள்தான்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். 'இது என் டப்பாவிலிருந்து வந்தது' என்று ஒரு வரி. வாய் வரவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, பயம். பச்சையாகச் சொன்னால் வெறும் பயம்.

"இதை நான் எடுத்துட்டுப் போறேன். என்னன்னு பாத்துட்டு ஓடி வந்துடறேன்" என்றாள்.

டாக்டர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு கொடுத்தாள். சின்னவள் பெரியவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போங்க" என்றாள். பதினோரு நாளில் பெரியவளிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை. "ஊருக்கே சொல்லிட்டு, நிக்க வேண்டிய நேரத்துல போறதுதானே உங்களுக்குப் பழக்கம்."

பெரியவள் சதுரத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். படிகளில் இரண்டிரண்டாக இறங்கினாள்.

*

அந்த அச்சகத்தின் வேலை என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக, பதினாறாக மடித்து ஒரு தாள் இருக்குமே, பொடி எழுத்தில், நாம் பிரித்துக்கூடப் பார்க்காமல் தூக்கிப் போடுவோமே, அந்தக் குறிப்புத்தாள்தான் அங்கே அச்சாகிறது. நாற்பது ஐம்பது மருந்துகளுக்கு. பெரியவள் மடிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தாள்களை மடித்திருக்கிறாள், மடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறாள். ஒரு தாளையாவது படித்திருப்பாளா என்று கேட்காதீர்கள். யாரும் படித்ததில்லை.

எல்லாத் தாளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு மருந்தின் தாள் இன்னொன்றின் கட்டோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக ஓரத்தில் நிறக்கோடு போட்டிருப்பார்கள். மடிக்கிறவள் எழுத்தைப் பார்க்கமாட்டாள், கோட்டைப் பார்ப்பாள். மஞ்சள் மஞ்சளோடு, நீலம் நீலத்தோடு. நிறத்தை நம்பினால் தப்பு வராது என்பதுதான் அந்த ஹாலில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம்.

நலக்குழுவுக்கும் அதே பாடத்தைக் கொண்டுவந்ததில்தான் வினையே.

மெஷின் பிரிவு ஒதுக்கிப் போட்ட, ஸ்க்ரூ நட்டு வைக்கிற குட்டி டிராயர் அலமாரி ஒன்று சங்க அறையில் இருக்கிறது. வீட்டில் மிச்சமாகிற மாத்திரைகளை உறுப்பினர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். பெரியவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டி, மூலை மழுக்கி, நிறம் பார்த்து டிராயரில் போடுவாள். டிராயர் முகப்பில் அதே நிறத் தாள் ஒட்டியிருப்பாள். மஞ்சள் சளிக்கு. வெள்ளை ஜுரத்துக்கு. ரோஸ் உடம்பு வலிக்கு. யாருக்கு எது வேண்டுமோ வந்து எடுத்துக்கொள்ளலாம். கேள்வி கிடையாது, பூட்டு கிடையாது. மூன்று வருஷத்தில் ஒரு மாத்திரை வீணானதில்லை என்று ஆண்டுக் கூட்டத்தில் கைதட்டு வாங்கியிருக்கிறாள்.

அச்சகத்துக்கு ஓடி வந்தவள் அந்த ரோஸ் டிராயரை இழுத்து அப்படியே மேஜைமேல் கொட்டினாள்.

அச்சுப் புள்ளி பார்க்கிற லென்ஸ் அவள் கழுத்துக் கயிற்றிலேயே தொங்கும். அதைக் கண்ணில் வைத்து ஒவ்வொரு சதுரமாகப் பார்த்தாள். ஒரு ரோஸ் மாத்திரை. நடுவில் கோடு. இன்னொன்று, நடுவில் கோடு. இன்னொன்று, கோடு இல்லை.

கோடு இல்லை!

மறுபடி பார்த்தாள். ஓரம் கொஞ்சம் தடித்திருந்தது. நிறத்திலும் ஒரு நூல் வித்தியாசம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் தெரிந்தது. வெறுங்கண்ணுக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றே. டிராயரில் இரண்டு ஜாதி மாத்திரை கலந்து கிடந்தது. கொழுந்தன் பையில் இருந்தது கோடில்லாத ஜாதி.

மடிப்பு ஹாலில் வேறொருத்தி இப்படிக் கலந்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தியிருப்பாள்.

"என்ன டீச்சர், தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்டபடி சங்கத் தலைவர் உள்ளே வந்தார். வெட்டு மெஷினில் முப்பது வருஷம் நின்ற மனுஷன். இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருக்கும்.

விஷயத்தைச் சொன்னாள். இந்த முறை ஒளிக்கவில்லை. சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது.

"வேற யார்கிட்டயாவது சொல்லிட்டியா?"

"இல்ல. இப்ப கேன்டீன்ல மைக்ல சொல்லப் போறேன். இந்தக் கோடில்லாத மாத்திரைய யாரு கொண்டாந்து குடுத்தாங்கன்னு தெரிஞ்சாகணும்."

"மைக்லயா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? நிர்வாகம் எப்படா சாக்குக் கிடைக்கும்னு காத்துக்கிட்டு இருக்கான். நாளைக்கே இந்த ரூமப் பூட்டிடுவான். குழுவும் போச்சு, பிரஷர் மெஷினும் போச்சு. எத்தனை பேருக்கு இங்க வந்து பாத்துத்தான் பிரஷர் இருக்கறதே தெரிஞ்சது! ஒவ்வொருத்தரா ரகசியமாக் கேக்கலாம்."

"இருநூத்து எண்பது பேரண்ணே. ரகசியமாக் கேட்டு முடிக்கறதுக்குள்ள அவன் போயிடுவான்."

"உன் பேரு கெட்டுப்போகும்."

"கெடட்டும்."

தலைவர் பாதி விரலால் தாடையைச் சொறிந்துகொண்டார். பிறகு போய் மைக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

*

மதிய இடைவேளை. கேன்டீனில் தட்டுச் சத்தமும் சிரிப்பும். பெரியவள் நாற்காலியில் ஏறியதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஐயோ, இன்னிக்கு சனிக்கிழமைகூட இல்லையே டீச்சர்!"

நாலு பேர் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தாள். குரல் மைக்கில் வேறு யாருடையதோ போலக் கேட்டது. "ரோஸ் டிராயர்ல வலி மாத்திரையோட வேற ஒரு மாத்திரையையும் கலந்துட்டேன். நிறத்தைப் பாத்தேன், பேரப் பாக்கல. அதைச் சாப்பிட்டு என் கொழுந்தன் ரத்தமா வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில கெடக்கறான். அது என்ன மாத்திரைன்னு யாருக்குமே தெரியல. யாரு குடுத்தீங்களோ அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல. குத்தம் என்னோடது. தயவுசெஞ்சு சொல்லுங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. யாருமே சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று அவள் யோசித்து வைக்கவே இல்லை.

"சொல்லுங்களேன்!" என்று கத்தினாள். "உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்!"

மூன்றாவது மேஜையிலிருந்து ஒருத்தி மெதுவாக எழுந்தாள். மடிப்புப் பிரிவில் பெரியவளுக்கு எதிர் மேஜைக்காரி. போன வருஷம் புருஷனைப் பறிகொடுத்தவள்.

"ரோஸ் நிறத்துல நான் குடுத்தேன் அக்கா. அவரு போனப்புறம் வீட்ல ஒன்றரை அட்டை மிச்சம் கெடந்தது. தூக்கிப் போட மனசு வரல. யாருக்காவது உதவட்டும்னு..." அவள் கண் நிறைந்தது. "நெஞ்சு அடைப்பு வந்தப்ப குடுத்த மாத்திரை."

"பேரு என்ன? ஞாபகம் இருக்கா?"

"பேரு தெரியாது அக்கா. ஆனா நம்ம தாள்தான் பெட்டிக்குள்ள இருந்துச்சு. ஊதாவும் பச்சையும் கோடு. நான் மடிச்ச தாளுன்னு அவர்கிட்ட காட்டினேன். அவருக்குச் சிரிப்பு."

கேன்டீனே பேசியது. "ஊதா பச்சையா? போன மழைக்கு முன்னாடி அடிச்சோமே!" "நாலு லட்சம் தாளு!" "மாதிரி ஃபைல்ல இருக்கும், ஓடு ஓடு!"

யாரோ ஓடினார்கள். அடித்த ஒவ்வொரு தாளிலும் ஒன்றை மாதிரிக்காக ஃபைலில் வைப்பது வழக்கம். இரண்டு நிமிஷத்தில் தாள் வந்துவிட்டது. மடிக்காத தாள். பெரியவள் அதை விரித்துப் பிடித்தாள். லென்ஸை வைத்தாள். மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் அச்சகத்துத் தாளைப் படிக்க ஆரம்பித்தாள்.

"இந்த மருந்து ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. ரத்தம் உறையாமல் இருப்பதற்கான வேறு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் சாப்பிடக் கூடாது..."

அவள் நிறுத்தினாள். கண் கலங்கி எழுத்து மங்கிப்போயிற்று. துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள்.

"மலம் கறுப்பாகப் போனாலோ, ஈறில் ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவரைப் பார்க்கவும். அறுவை சிகிச்சைக்கும் பல் பிடுங்குவதற்கும் முன்பாக..."

"நம்ம தாள்லயா இதெல்லாம் எழுதியிருக்கு?" என்றான் ஒரு மெஷின்மேன். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

"டீச்சர்!" ஒட்டுப் பிரிவிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். கன்னம் வீங்கியிருந்தது. "பல்வலிக்கு நானும் நேத்து ரோஸ் ரெண்டு எடுத்தேன். இன்னிக்கு அஞ்சு மணிக்குப் பல்லு பிடுங்கப் போறேன்."

"போகாத! போனாலும் முதல்ல இதைச் சொல்லு. இல்ல, இந்தா, தலைவரண்ணே, இந்த மருந்துப் பேர எழுதி அவ கையில குடுங்க. டாக்டர்கிட்ட காட்டட்டும். ரோஸ் எடுத்தவங்க எல்லாரும் தலைவர்கிட்ட பேர் குடுங்க. இன்னிக்கே. டிராயர இனிமே யாரும் தொடக் கூடாது."

நாற்காலியிலிருந்து இறங்கும்போது தடுக்கியது. எதிர் மேஜைக்காரி வந்து தாங்கிப் பிடித்தாள். "நான் கொன்னுட்டேனா அக்கா?" என்றாள்.

"நீ இல்லடி. நீ குடுத்தே. நான்தான் கேக்காம வாங்கிப் போட்டேன்."

வெளியே ஓடிக்கொண்டே சின்னவளுக்கு போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். சின்னவள் வெட்டிவிட்டாள். மூன்றாவது தடவை அணைத்தே வைத்துவிட்டாள். சரக்கு வண்டியோடு வெளியூரில் இருக்கும் தன் புருஷனுக்குப் போட்டாள். "தம்பிக்கு என்னாச்சுடி?" என்று அவர் கேட்டார். "வண்டியத் திருப்புங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அச்சகத்து டெலிவரி வேனில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். தாள் கசங்காமல் இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டாள். பாதி வழியில்தான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. எதையெல்லாம் கூடச் சாப்பிடக் கூடாது என்று வால்வு மாற்றிய ஆஸ்பத்திரியில் கொடுத்த புத்தகத்தை ஸ்கேன் கவரோடு சேர்த்து அலமாரியில் வைத்தவளும் அவள்தான். பத்திரமாக வைத்தாள். பிரித்துப் பார்க்கவில்லை.

*

டாக்டர் தாளை வாங்கி, பெயரைப் பார்த்ததும் உதட்டைக் கடித்தாள். நர்ஸைக் கூப்பிட்டு வேகமாக ஏதோ சொன்னாள். நர்ஸ் ஓடினாள்.

"நல்லவேளை கொண்டாந்தீங்க. வலி மாத்திரைன்னு நெனச்சு வேற வழியில போயிருப்பேன். இது உள்ள போச்சுன்னா ஒரு வாரம் வரைக்கும் வேலை செய்யும். ரத்தத் தட்டணு ஏத்தணும், வயித்துக்குள்ள குழாய் விட்டு ரத்தம் வர்ற இடத்த அடைக்கணும். இப்பவே." நிமிர்ந்து பார்த்தாள். "இது இவருக்கு எங்கேருந்து கிடைச்சுது? யாரு குடுத்தா?"

சின்னவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றாள் பெரியவள். "கையில எடுத்துக் குடுக்கல. ஆனா நான் வெச்ச டப்பா. நான் வெட்டிப் போட்ட மாத்திரை. காலையில பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. சொல்லத் தைரியம் வரல."

டாக்டர், நர்ஸ் நீட்டிய படிவத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு, "இதுல கையெழுத்து வேணும். வந்துடறேன்" என்று உள்ளே போனாள்.

சின்னவள் கத்துவாள் என்று பெரியவள் நினைத்தாள். அடிப்பாள் என்றுகூட நினைத்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது. சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

"அஞ்சு நாளா முதுகு வலி, முதுகு வலின்னு சொன்னார். அண்ணிகிட்ட கேளுங்க, நல்லதா ஏதாவது சொல்லுவாங்கன்னு நான்தான் சொன்னேன். சண்டையெல்லாம் எனக்கும் உங்களுக்கும்தானே, அவருக்கென்னன்னு." அவள் குரல் தட்டையாக இருந்தது. "என்ன சொன்னார் தெரியுமா? 'வேண்டாம். கேட்டா அடுத்த சனிக்கிழமை நான்தான் பாடம்'னு சொன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். நீங்க இல்லாத நேரமாப் பாத்து டிராயர்லேருந்து எடுத்திருக்கார்."

பெரியவள் முகத்தை மூடிக்கொண்டாள். அழக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. ஆனாலும் அழுகை வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், சத்தமாகவே வந்துவிட்டது.

"அழாதீங்க" என்றாள் சின்னவள். ஆறுதலாகச் சொல்லவில்லை, எரிச்சலாகச் சொன்னாள். படிவத்தை எடுத்து அவள் மடியில் போட்டாள். "இதப் படிங்க."

"நானா?"

"எழுத்து கண்ணுல நிக்கல எனக்கு. ஒரு வரி விடாம, சத்தமாப் படிங்க. அவர் உடம்புக்குள்ள குழாய் விடறதுக்கு நான் கையெழுத்துப் போடப் போறேன். என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் போடுவேன்."

பெரியவள் படித்தாள். நோயாளியின் பெயர், வயது. செய்யப்போகும் சிகிச்சை. மயக்க மருந்து. எதிர்பார்க்கக்கூடிய சிக்கல்கள். தடுமாறிய இடத்தில் நின்று மறுபடி படித்தாள்.

டாக்டர் திரும்பி வந்தாள். "போட்டாச்சா?"

"இருங்க டாக்டர்" என்றாள் பெரியவள். "'குடல் சுவரில் துளை ஏற்பட வாய்ப்பு'ன்னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன? எத்தனை பேருக்கு அப்படி ஆகும்?"

டாக்டர் வாசலைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவர்கள் முன்னால் குந்தி உட்கார்ந்து, படிவத்தின் ஓரத்திலேயே பேனாவால் ஒரு வயிறு வரைந்து, குழாய் எந்த வழியாகப் போகும், எங்கே பட்டால் ஆபத்து என்று காட்டினாள். ஒரு நிமிஷம்தான் ஆயிற்று. சின்னவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அடுத்தது படிங்க அக்கா" என்றாள்.

அடுத்த வரியில் பெரியவள் விரலை வைத்து நின்றாள்.

"படிங்க."

"மிக அரிதாக... உயிரிழப்பு."

சின்னவள் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள். தன் பெயரை முழுசாக, தலைப்பெழுத்தோடு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுதினாள்.

டிராலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு கணம் அவன் முகம் தெரிந்தது. காகிதம்போல வெளுத்திருந்தது. கண் பாதி திறந்து யாரையோ தேடியது. இருவரும் கூடவே ஓடினார்கள். கதவு அவர்களை வெளியே நிறுத்திவிட்டு மூடிக்கொண்டது.

"முக்கால் மணியாவது ஆகும்" என்றாள் நர்ஸ்.

பெரியவள் மெல்லப் பின்வாங்கினாள். "நான் கீழ போய் இருக்கேன். உனக்கு என் மூஞ்சியப் பாக்க..."

"உக்காருங்க."

"இல்லம்மா..."

"உக்காருங்கன்னு சொல்றேன்ல!" சின்னவளின் குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. தூரத்தில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். "அவர் எழுந்து வந்தார்னா உங்கள மன்னிக்கறதா வேண்டாமான்னு அவர் முடிவு பண்ணட்டும். வரலைன்னா அதை நான் முடிவு பண்றேன். அதுவரைக்கும் நீங்க எங்கயும் போகக் கூடாது."

பெரியவள் உட்கார்ந்தாள். இந்த முனையிலா அந்த முனையிலா என்று பார்க்கவில்லை, கால் மடங்கிய இடத்தில் உட்கார்ந்தாள். செருப்பு ஒன்று கழன்று பெஞ்சுக்கு அடியில் போயிற்று. அதை எடுக்கவும் தெம்பில்லை.

எதிர்ச் சுவரில் கடிகாரம். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். உள்ளே ஏதோ மெஷின் கீச்சிட்டது, நின்றது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடி உள்ளே நுழைந்தார்.

முக்கால் மணி என்றார்கள். ஒன்பதாவது நிமிஷம் கதவு திறந்தது.

அதே நர்ஸ்தான். முகக்கவசம் கழுத்தில் தொங்கியது. கையில் இன்னொரு தாள்.

"வீட்டுக்காரங்க யாரு? டாக்டர் கூப்பிடறாங்க. சீக்கிரம் வாங்க, ஒருத்தர் மட்டும்."

சின்னவள் எழுந்து இரண்டு அடி வைத்தாள். நின்றாள். திரும்பி வந்து பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கும்படி பிடித்தாள்.

"ரெண்டு பேரும்தான் வருவோம்" என்றாள் நர்ஸிடம். "டாக்டர் சொல்றதுல புரியாதத இவங்க கேக்கணும். என்னால கேக்க முடியாது."

நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கதவை அகலமாகத் திறந்தாள். ஒற்றைக் கால் செருப்போடு பெரியவள் உள்ளே ஓடினாள்.